கேஷுவாலிட்டி வாசலில் வெடித்த குண்டு

பெரிய விபத்து நடந்தா கேஷுவாலிட்டி வாசல்ல முதல்ல வந்து நிக்கிறது யாருன்னு கவனிச்சிருக்கீங்களா?

பல நேரம் சொந்தக்காரங்களுக்கு முன்னாடியே ஏரியா கவுன்சிலரோ, கட்சிக்காரரோ, சங்கத்து ஆளோ வந்துடுவார். "ரத்தம் எத்தனை யூனிட் வேணும் டாக்டர்? போஸ்ட்மார்ட்டம் எப்ப முடியும்?" என்று கேட்பார். சத்தமும் போடுவார். எங்களுக்கு எரிச்சல்கூட வரும். ஆனா அரசியல் என்பது மேடையில் தொடங்குவதைவிட அந்த வாசலில் தொடங்குவதுதான் அதிகம் என்பது என் எண்ணம்.

அந்த வாசலிலேயே குண்டு வெடிச்சா அந்த ஊர் அரசியல் என்ன ஆகும்? பாகிஸ்தானின் குவெட்டா நகரத்துல அது நடந்திருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா வாசிங்க.

2010 ஏப்ரல் 16. ஷியா பிரிவைச் சேர்ந்த ஒரு வங்கி மேலாளரைச் சுட்டுக் கொன்றார்கள். உடலை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு வந்தார்கள். வழக்கம்போல ஜனங்க எமர்ஜென்சி வாசல்ல கூடினாங்க. அந்தக் கூட்டத்துக்குள் ஒரு தற்கொலைப் படையாள் வந்து வெடித்தான். காவலர்கள் செத்தார்கள், ஒரு டிவி செய்தியாளர் செத்தார். அங்கே வந்திருந்த எம்.பி. நாசிர் அலி ஷா உயிர் தப்பினார்.

2013 ஜனவரி 10. அதே குவெட்டா, ஆலம்தார் ரோடு. ஒரு ஸ்னூக்கர் கிளப்பில் முதல் குண்டு. போலீஸ், ஆம்புலன்ஸ்காரர்கள், செய்தியாளர்கள், அக்கம்பக்கத்தார் எல்லாரும் ஓடி வந்த பிறகு, சில நிமிஷம் கழிச்சு இரண்டாவது குண்டு. கிட்டத்தட்ட நூறு பேர் போனார்கள். முதல் குண்டில் தப்பித்த ஒரு மனித உரிமைச் செயற்பாட்டாளர், அடிபட்டவங்களுக்கு உதவப் போய் இரண்டாவதில் இறந்தார்.

முதல் குண்டு அங்கே இருந்தவனைக் கொல்லுது. இரண்டாவது குண்டு, "என்னாச்சு?"ன்னு ஓடி வர்றவனைக் கொல்லுது. ஒரு சிறுபான்மைச் சமூகம் அரசியலில் இருந்து ஒதுங்குவதை நான் இந்த இரண்டாவது குண்டை வெச்சுத்தான் புரிஞ்சுக்கிறேன்.

யார் இந்த மக்கள்? ஹசாராக்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆப்கானிஸ்தான் அமீர் அப்துர் ரஹ்மானின் ஒடுக்குமுறைக்குத் தப்பி குவெட்டாவுக்கு வந்தவர்களின் வாரிசுகள். பெரும்பாலும் ஷியாக்கள். மத்திய ஆசிய முகச்சாயல், கூட்டத்தில் நின்றாலும் தனியாகத் தெரியும். பேரை மாத்திக்கலாம், மொழியை மாத்திக்கலாம், முகத்தை என்ன பண்ணுவாங்க? அவர்களைக் குறிவைத்தது லஷ்கர்-இ-ஜாங்வி என்ற சுன்னி தீவிரவாத அமைப்பு. 2001லேயே தடை செய்யப்பட்டது.

(கமெண்ட்ல "பாகிஸ்தான்னாலே அப்படித்தான்"னு எழுத வர்றவங்க ஒரு நிமிஷம். 1958 முதல் 1966 வரை பாகிஸ்தான் ராணுவத்துக்கே தளபதியா இருந்த ஜெனரல் மூசா கான் ஒரு ஹசாரா. 1985இல் பலூசிஸ்தான் கவர்னர் ஆனார். "அப்படித்தான்" இருந்திருந்தா இது எப்படி நடந்திருக்கும்?)

அந்த இடத்திலிருந்து எப்படிக் கீழே வந்தாங்க?

முதலில், முன்னால் நின்றவர்களை எடுத்தார்கள். ஹசாரா ஜனநாயகக் கட்சியின் தலைவர் ஹுசைன் அலி யூசுஃபி 2009 ஜனவரி 26 அன்று ஜின்னா ரோட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். மதத்தை முன்னிறுத்தாத கட்சி அது. ஒரு கட்சித் தலைவர் பட்டப்பகலில் செத்தா, அடுத்து வேட்புமனு போட நினைக்கிற பையன்கிட்ட அவன் அம்மா என்ன சொல்லுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

கொன்றவர்களுக்கு என்ன ஆச்சு? அதற்கு முந்தைய வருஷமே, 2008 ஜனவரியில், அந்த அமைப்பின் முக்கியத் தளபதி குவெட்டா கண்டோன்மென்ட்டுக்குள் இருந்த சிறையிலிருந்தே தப்பித்துப் போயிருந்தான்! ராணுவப் பகுதிக்குள்ள இருக்கிற ஜெயில். பயம் குண்டால மட்டும் வர்றதில்லை, இந்த மாதிரி செய்தியாலயும் வருது.

அப்ப ஹசாராக்கள் ஓட்டே போடலையான்னா, போட்டாங்க. இங்கதான் நாம அவசரப்பட்டு முடிவு எடுக்கக் கூடாது. 2013 ஜனவரியில் அந்த இரட்டைக் குண்டு, பிப்ரவரியில் ஹசாரா டவுனில் இன்னொரு குண்டு, அதிலும் எண்பதுக்கு மேல் சாவு. ஆனாலும் மே மாதத் தேர்தலில் வரிசையில் நின்றார்கள். ஆனா யாரை ஜெயிக்க வெச்சாங்கன்னு பாருங்க. ஆலம்தார் ரோடு பக்கத்துத் தொகுதியில் ஜெயித்தது மஜ்லிஸ் வஹ்தத்-இ-முஸ்லிமீன் என்ற ஷியா மதக் கட்சி. 'நீ ஷியா, அதனால் சாகிறாய்' என்று ஒருவன் திரும்பத் திரும்பச் சொன்னால், ஓட்டுப் போடும்போதும் அந்த அடையாளம்தான் முன்னால் வந்து நிற்கும். தண்ணி, ரோடு, ஸ்கூல், வேலை எல்லாம் பின்னால போயிடுது. 2018இல் ஹசாரா ஜனநாயகக் கட்சி ஜெயித்தது என்பதையும் சொல்லிடணும். ஆனா ஜெயித்த ஒருவரின் வெற்றி, அவர் பாகிஸ்தான் குடிமகனே இல்லை என்று சொல்லி ரத்து செய்யப்பட்டது. இடைத்தேர்தலிலும் அதே கட்சிதான் வந்தது, அது வேற விஷயம்.

அடுத்து சுவர். கிழக்கே மரியாபாத், மேற்கே ஹசாரா டவுன். இந்த ரெண்டு பகுதிக்குள்ள மொத்த சமூகமும் செக்போஸ்ட், துப்பாக்கிக் காவலோடு அடைஞ்சு கிடக்கு. காய்கறி வியாபாரிகள் மண்டிக்குப் போறதே பாதுகாப்பு வண்டியோட. அப்படியும் 2019 ஏப்ரலில் ஹசார்கஞ்சி காய்கறி மார்க்கெட்டில் குண்டு வெடித்தது.

எலும்பு முறிஞ்சா நாங்க மாவுக்கட்டு போடுவோம். அவசியம்தான். ஆறு வாரம் கழிச்சுப் பிரிச்சா கை குச்சி மாதிரி மெலிஞ்சிருக்கும். இந்த மக்களுக்கு வருஷக்கணக்கா கட்டு பிரிக்கவே இல்லை. சுவருக்குள்ள இருக்கிற வேட்பாளர் பஷ்தூன் கடைக்காரர்கிட்டயோ பலூச் ஓட்டுநர்கிட்டயோ எப்படிப் போய் ஓட்டுக் கேட்பார்? அவங்க ஓட்டு கிடைக்காதுன்னா தன் ஆளுங்க ஓட்டு மட்டும்தான் மிச்சம். எண்ணிக்கையில் சின்ன சமூகத்துக்கு அது எத்தனை சீட் வாங்கித் தரும்?

பாகிஸ்தானின் தேசிய மனித உரிமை ஆணையமே 2018இல் ஒரு கணக்கு கொடுத்தது: ஐந்து வருஷத்தில் குவெட்டாவில் 509 ஹசாராக்கள் கொலை, 627 பேர் காயம். முடிஞ்சவங்க கிளம்பிட்டாங்க. ஆஸ்திரேலியாவுக்குப் படகு ஏறிய ஹசாராக்களும் நம்ம ஈழத் தமிழர்களும் கிறிஸ்துமஸ் தீவு முகாமில் ஒரே நேரத்தில் அடைபட்டிருந்தார்கள். அப்படிக் கிளம்பினதுல எத்தனை பேர் ஊரிலேயே இருந்திருந்தா தேர்தலில் நின்னிருப்பாங்களோ!

அங்கேயே இருந்தவங்க கையில மிச்சமிருந்த ஆயுதம் ஒண்ணே ஒண்ணு. 2013 ஜனவரியில், உறையும் குளிரில், சவப்பெட்டிகளை ரோட்டில் வெச்சுக்கிட்டு, அடக்கம் பண்ண மாட்டோம்னு நாள் கணக்கா உட்கார்ந்தாங்க. பிரதமர் நேரில் வந்தார். மாகாண அரசே நீக்கப்பட்டு கவர்னர் ஆட்சி வந்தது. ஓட்டுப் போட்டுக் கேட்டப்போ அசையாத அரசாங்கம் பிணத்தை வெச்சுக் கேட்டப்போ அசைஞ்சது. 2021 ஜனவரியில் மாச் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டபோதும் குடும்பங்கள் அதையே செய்தன. பிரதமர் இம்ரான் கான் அதை 'பிளாக்மெயில்' என்றார். உடல்களை அடக்கம் செய்த பிறகுதான் குவெட்டா வந்தார்.

இன்னும் பத்து செக்போஸ்ட் போட்டா இது சரியாகும்னு எனக்குத் தோணல. கொலையாளிகளுக்குத் தண்டனை கிடைக்கணும், அந்தத் தண்டனை சிறையில் நிற்கணும். அதோட, ஏதாவது ஒரு பெரிய கட்சி சுவருக்கு வெளியே இருக்கிற தொகுதியில் ஒரு ஹசாராவை நிறுத்தணும். உள்ளூர் பஷ்தூன், பலூச் தலைவர்கள் அவர் பக்கத்துல நின்னு வீதி வீதியா ஓட்டுக் கேட்கணும். சவப்பெட்டிகள் ரோட்டில் இருந்தபோது இஸ்லாமாபாத்தில் இருந்து விமானம் ஏறி வந்தவங்களுக்கு, மனுத்தாக்கல் அன்னிக்கும் வர அதே விமானம் இருக்கு.