சிரிக்காதீர்கள், அந்தப் பிள்ளை புத்தகம் படித்திருக்கிறது

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வகைக் காணொளி அடிக்கடி வருகிறது. அரசுப் பள்ளிப் பிள்ளை ஒன்று ஆங்கிலப் பாடத்தை வாய்விட்டுப் படிக்கும். கத்தியைக் குறிக்கும் சொல்லை 'நைஃப்' என்று சொல்லாமல், முன்னால் நிற்கும் கே எழுத்தையும் சேர்த்து 'க்னைஃப்' என்று சொல்லும். எடுப்பவர் சிரிப்பார். கீழே நம்மவர்கள் வரிசையாகச் சிரிப்புப் பொம்மை போடுவார்கள். அதில் என்னிடம் படித்தவர்கள் பெயரும் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான். 'க்னைஃப்' என்று சொல்லும் பிள்ளை அந்தச் சொல்லைப் புத்தகத்தில் சந்தித்திருக்கிறது. 'நைஃப்' என்று சொல்லும் பிள்ளை அதை யார் வாயிலோ கேட்டிருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அறிவில் இல்லை, காதில் இருக்கிறது. வீட்டில் ஆங்கிலம் பேச ஆள் இல்லாத பிள்ளை, கண்ணால் பார்த்த எழுத்தை எல்லாம் நம்பி ஒன்று விடாமல் படித்தது. நேர்மையாகப் படித்ததற்குப் பரிசு கேலியா?

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ழகரம் எழுத வழியில்லாமல் இரண்டு எல் போட்டு எழுதி வைத்திருக்கிறோம். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்து 'வில்லுபுரம்' என்கிறார்கள். அவர்களை நாம் படிக்காதவர்கள் என்று சொல்கிறோமா? "விழுப்புரம் சார்" என்று திருத்திவிட்டுப் போகிறோம். அந்த மரியாதையை நம் பிள்ளைக்கும் கொடுத்தால் என்ன? எழுத்தும் ஒலியும் ஒத்துப்போக வேண்டும் என்று 2020 ஜூனில் தமிழக அரசே 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஆணை வெளியிட்டது. 'இப்படியா எழுதுவது' என்று எதிர்ப்புக் கிளம்பியதும், சில நாட்களில் திரும்பப் பெற்றது. அரசாங்கமே திணறிய இடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளை தடுக்கி விழுவது குற்றமா?

காதால் கற்ற சொல்லில் நாம் யாரும் தவறுவதில்லை. வெடிகுண்டை எல்லோரும் 'பாம்' என்கிறோம். ஆங்கிலத்தில் அதன் கடைசியில் ஒரு பி நிற்கிறது, ஏ பி சி-யின் இரண்டாம் எழுத்து. யாராவது 'பாம்ப்' என்கிறோமா? நான் 35 வருஷம் கையில் பிடித்த சாக்பீஸுக்குள்ளும் ஓர் எல் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று மரக்காணம் கரையில் அலை ஏறிய பிறகுதான் 'சுனாமி' என்ற சொல்லே நம் பக்கம் பலருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அது டீ எழுத்தில் தொடங்குகிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட அதைச் சரியாகச் சொன்னார். காரணம், அவர் காதால் கேட்டார். ஆனால் 'பிளம்பர்' என்ற சொல்லில் இங்கிலாந்துக்காரர் பி-யை விட்டு 'பிளம்மர்' என்பார். நம் ஊரில் எல்லோரும் 'பிளம்பர்' என்கிறோம். அதற்கு யாரும் காணொளி எடுக்கவில்லையே!

இந்த ஊமை எழுத்துகள் வந்த கதையைக் கேட்டால் சிரிப்பு வேறு பக்கம் திரும்பும். ஒரு காலத்தில் ஆங்கிலேயர்களே அந்தக் கே-யை உச்சரித்தார்கள். பிறகு பேச்சில் ஒலி தேய்ந்துபோனது, எழுத்து மட்டும் நின்றுவிட்டது. ஜெர்மன்காரர்கள் முழங்காலை இன்றும் 'க்னீ' என்றுதான் சொல்கிறார்கள். கடன் என்ற சொல்லில் வரும் பி-யின் கதை இன்னும் வேடிக்கை. அது பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அதில் பி கிடையாது. லத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டும் என்று படிப்பாளிகள் பின்னால் நுழைத்தார்கள். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்ற சொல்லில் இருக்கும் எஸ், வேறொரு சொல்லோடு குழப்பிக்கொண்டு தவறாகச் சேர்த்தது. பெரிய மனிதர்கள் செய்த தவறு அகராதியில் ஏறிவிட்டது. சின்னப் பிள்ளை செய்தால் வாட்ஸ்அப்பில் ஏறுகிறது.

இதில் நஷ்டம் என்ன என்று கேட்பீர்கள். என் மாணவி ஒருத்தி, பி.காம். கணக்குப் பதிவில் கெட்டிக்காரி. சென்னையில் ஒரு நிறுவனத்தின் நேர்காணலில் கடன் என்ற அந்தச் சொல்லை 'டெட்' என்று சொல்லாமல் 'டெப்ட்' என்றாள். எதிரே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்களாம். அதற்குப் பிறகு கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விடை தெரிந்தும் வாய் திறக்கவில்லை. போன வேலை கணக்கர் வேலை, செய்தி வாசிப்பாளர் வேலை அல்ல. ஒரு ஊமை எழுத்து ஒரு பெண்ணை ஊமையாக்கியது. இப்படி எத்தனை பேரோ!

"அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் சொல்லலாமா டீச்சர்?" கூடாது. சொல்லிக் கொடுக்க வேண்டும். திருத்துவது ஆசிரியர் கடமை, சிரிப்பது யார் கடமையும் அல்ல. தனித்தனிச் சொல்லாக மனப்பாடம் செய்ய வைக்காமல் கூட்டம் கூட்டமாகக் காட்டுங்கள். சொல்லின் தொடக்கத்தில் கே-யை அடுத்து என் வந்தால் கே பேசாது: நைஃப், நீ, நாட், நாக். டபிள்யூ-வை அடுத்து ஆர் வந்தால் டபிள்யூ பேசாது: ரைட், ராங், ரிஸ்ட். சொல்லின் கடைசியில் எம்-க்குப் பின் பி வந்தால் பி பேசாது: தம், லேம், கிளைம், கோம். வாக், டாக், சாக் மூன்றிலும் எல் பேசாது. இந்த நாலு கூட்டம் பிடிபட்டால் பள்ளிப் பாடத்தில் பாதிப் பயம் போய்விடும். மிச்சத்துக்குக் கைப்பேசி அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் உச்சரிப்பைக் கேட்கலாம். கேலிக் காணொளி பார்க்கும் அதே கைப்பேசிதான்.

உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம், உங்கள் வீட்டுப் பிள்ளையை ஆங்கிலப் பாடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள். முடித்ததும் தவறிய இரண்டு சொற்களை மட்டும் சரியாகச் சொல்லிக் காட்டுங்கள். உங்களுக்கே சந்தேகம் என்றால் சேர்ந்து கேளுங்கள், வெட்கம் இல்லை. உச்சரிப்பை நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம். மூடிய வாயைத் திறக்க வைப்பதுதான் கஷ்டம், இத்தனை வருஷம் வகுப்பில் நின்றவள் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்