சர்வருக்குச் சந்தா இருக்கு... புதுப்பிக்கிறது யாரு?

பைக் வாங்குவோம், இன்சூரன்ஸ் தேதியை மறந்துடுவோம். பல அலுவலகங்களில் சர்வர் கதையும் அதுதான். கலெக்டர் ஆபீஸ் இருக்கும் திருவண்ணாமலை வேங்கிக்கால் ஆனாலும் சரி, சென்னை ஓஎம்ஆர் ஆனாலும் சரி, கேள்வி ஒன்றுதான்: சந்தா யார் பெயரில் இருக்கிறது?

ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸில் ஆக்டிவேஷன் சில நிமிட வேலை. சர்வரை நிறுவனத்தின் கணக்கில் பதிவு செய்தால் போதும். சிக்கல் அதற்குப் பிறகுதான். சந்தா முடிந்தாலும் சர்வர் நிற்காது, வழக்கம்போல ஓடும். பாதுகாப்பு அப்டேட் மட்டும் நின்றுவிடும். எதுவும் நிற்காததால் யாரும் கவனிப்பதில்லை. ஆபத்தே அதுதான்.

'இலவசமாவே ஓட்டலாமே?' என்பார்கள். ஓட்டலாம்தான். ஆனால், இலவச சென்ட்ஓஎஸ் 7-க்கான அப்டேட் 2024 ஜூன் 30-உடன் முடிந்தது. இலவசத்துக்கும் காலாவதி தேதி உண்டு.

ரெட் ஹேட்டின் தனிநபர் டெவலப்பர் சந்தா 16 சிஸ்டம் வரை இலவசம். கற்றுக்கொள்ள அருமையான வழி. அதையே அலுவலக சர்வருக்குப் போடுவது தப்பு. அந்த ஊழியர் பெங்களூருக்கு வேலை மாறினால், கணக்கும் அவரோடு போய்விடும்.

எனவே கணக்கு அலுவலக மெயிலில் இருக்கட்டும். பாஸ்வேர்டு பொறுப்பு இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஓரங்கட்டிய சர்வரைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே காலண்டரில் குறித்து வையுங்கள். சந்தா வாங்குவது பணத்தால் ஆகும்; காப்பாற்றுவதற்கு ஆள் வேணும்.