ஓசூரின் கணினிப் பாடம் வினாத்தாளில் இல்லை

டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் குவார்ட்ஸ் கைக்கடிகாரங்களைத் தயாரித்து வளர்ந்த நிறுவனம். அத்தகைய கடிகாரத்துக்குள் இருக்கும் சிறு படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வரும் எண் அது. அதிர்வு எண்ணிக்கையைப் பாதியாக்கும் ஃபிளிப்-ஃபிளாப் சுற்றுகள் பதினைந்தை வரிசையாக வைத்தால், கடைசியில் வினாடிக்கு ஒரு துடிப்பு மிஞ்சும். வினாடி முள் நகர்வது அந்தத் துடிப்பில்தான். கடிகாரத் துடிப்பு, ஒரு பிட்டை நினைவில் நிறுத்துதல், இரும எண்ணிக்கை என்று கணினிக் கட்டமைப்பின் ஆரம்பப் பாடம் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கணினி அறிவியல் படிக்கும் எத்தனை மாணவர்களுக்கு இதை யாராவது காட்டியிருப்பார்கள்? அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள், ஐந்து பதின்மூன்று மதிப்பெண் கேள்விகள், ஒரு பதினைந்து மதிப்பெண் கேள்வி. ‘டெட்லாக்குக்கான நான்கு நிபந்தனைகளை எழுதுக’ என்றால் எழுதிவிடுவார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறை, முன்பு தனித்தனியாக இருந்த இலக்கமுறைச் சுற்றுகளையும் கணினிக் கட்டமைப்பையும் ஒரே தாளாக்கியது. ஐந்து அலகுகளில் பிராசஸருக்கு ஒன்று, நினைவகத்துக்கும் உள்ளீடு வெளியீட்டுக்கும் சேர்த்து ஒன்று. ஒரு பொறியாளரின் அடித்தளத்தை இவ்வளவு சுருக்கியது தவறு என்றே சொல்வேன்.

இந்த மாவட்டத்தில் அந்தத் தவறு கூடுதலாக உறுத்துகிறது. ஓசூரில் டிவிஎஸ் இருக்கிறது, ஏத்தர் இருக்கிறது. போச்சம்பள்ளியில் ஓலா எலெக்ட்ரிக் இருக்கிறது. இன்று ஒரு மின்சார ஸ்கூட்டர் என்பது சக்கரம் வைத்த பல கணினிகள். மோட்டாருக்கு ஒரு கன்ட்ரோலர், பேட்டரியைக் கண்காணிக்க ஒன்று, முகப்புத் திரைக்கு ஒன்று. மோட்டார் கன்ட்ரோலரில் வினாடிக்குப் பல்லாயிரம் முறை இன்டரப்ட் வரும். ஒவ்வொரு முறையும் மின்னோட்டத்தை அளந்து, கணக்குப் போட்டு, அடுத்த இன்டரப்ட் வருவதற்குள் விடை சொல்லியாக வேண்டும். வகுப்பில் ரவுண்டு ராபின் முறைக்குச் சராசரிக் காத்திருப்பு நேரம் கண்டுபிடிக்கச் சொல்கிறோம். இங்கே சராசரிக்கு வேலையில்லை. கெடு தவறினால் வண்டி குலுங்கக்கூடும். ஏபிஎஸ் பிரேக்கில் தவறினால் ஆபத்து ஓட்டுபவருக்கு.

இந்தக் கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு வாகனத் துறையில் பரவலாக உள்ள வழி, போஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய கேன் பஸ். இரண்டு கணினிகள் ஒரே நொடியில் பேசத் தொடங்கினால் என்ன ஆகும்? இரண்டும் தம் செய்தியின் அடையாள எண்ணை பிட் பிட்டாக அனுப்பும். ஒன்று 0 அனுப்பி மற்றொன்று 1 அனுப்பினால் கம்பியில் 0-வே நிற்கும். 1 அனுப்பியது அதைக் கண்டு ஒதுங்கிக்கொள்ளும். சிறிய எண்ணுடைய செய்தி ஒரு பிட் நேரம்கூட வீணாகாமல் முன்னே போகும். முன்னுரிமை என்ற கருத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்லித்தரும் எடுத்துக்காட்டு எந்தப் பாடநூலில் இருக்கிறது?

முன்னுரிமை சிக்கலையும் கொண்டுவரும். 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர், சில நாட்களில் தானாகவே ரீசெட் ஆகத் தொடங்கியது. வானிலைத் தரவு சேகரிக்கும் சாதாரணப் பணி ஒன்று, முக்கியப் பணிக்கும் தேவையான பூட்டை வைத்திருந்தது. நடுத்தர முன்னுரிமைப் பணிகள் இடையில் புகுந்து அதை ஓடவிடாமல் செய்ததால் முக்கியப் பணி காத்துக் கிடந்தது; ரீசெட்டுக்குக் காரணம் அதுதான். பூட்டை வைத்திருக்கும் பணிக்கு, அதற்காகக் காத்திருக்கும் பணியின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுப்பதுதான் தீர்வு. அந்த வசதி இயங்குதளத்தில் ஏற்கெனவே இருந்தது; அணைத்து வைக்கப்பட்டிருந்ததைப் பூமியிலிருந்து இயக்கினார்கள். அந்த முறையை அலசி 1990-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையின் மூன்று ஆசிரியர்களில் ஒருவர் ரகுநாதன் ராஜ்குமார், கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். நம் மாணவர்களிடம் இதைச் சொல்ல ஏன் மறக்கிறோம்?

‘பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை வாங்க இதெல்லாம் எதற்கு? ஜாவா போதும்’ என்று பெற்றோரும், சில ஆசிரியர்களும்கூடச் சொல்கிறார்கள். எல்லையில் உள்ள அத்திப்பள்ளியைத் தாண்டினால் வேலை என்ற நம்பிக்கையில் பொய்யில்லை. ஆனால் வழக்கமான நிரலை இன்று இயந்திரமே எழுதித் தருகிறது. அந்த நிரல் ஏன் மெதுவாக ஓடுகிறது, நினைவகம் எங்கே கசிகிறது, இரண்டு திரெட்கள் எங்கே முட்டிக்கொள்கின்றன என்று கண்டுபிடிப்பவருக்குத்தான் மதிப்பு இருக்கும். அந்தக் கண் கணினிக் கட்டமைப்பு, இயங்குதளம் ஆகிய இரண்டு பாடங்களில்தான் திறக்கிறது.

பணம் இல்லை என்ற காரணமும் செல்லாது. ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பு அனைவருக்கும் திறந்தது. அதை வைத்துத்தான் சென்னை ஐஐடி சக்தி பிராசஸர்களை உருவாக்கியது. அமெரிக்காவின் எம்ஐடி தன் மாணவர்களுக்காக எழுதிய எக்ஸ்வி6 இயங்குதளம் பத்தாயிரம் வரிகளுக்குள் அடங்குவது. விலை கிடையாது, பழைய மடிக்கணினியிலும் கியூஇஎம்யூ வழியாக ஓடும். ஒரு பருவத்தில் முழுவதையும் வரி வரியாகப் படித்துவிடலாம்.

பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியும் ஓசூர் அதியமான் பொறியியல் கல்லூரியும் தன்னாட்சி பெற்றவை. பாடத்திட்டத்தை மாற்ற அவை பல்கலைக்கழகத்தின் முகம் பார்த்திருக்க வேண்டியதில்லை. இலக்கமுறைச் சுற்றுகள், கணினிக் கட்டமைப்பு இரண்டையும் மீண்டும் தனித்தனித் தாள்களாக்குங்கள். மனப்பாடக் கேள்வி ஒன்றை நீக்கி, அந்த இடத்தில் எக்ஸ்வி6-இன் இருபது வரிகளைக் கொடுத்து விளக்கச் சொல்லுங்கள். சிப்காட் நிறுவனங்களும் தரச் சோதனையில் தேறாத கன்ட்ரோலர் பலகைகளைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளாமல் பக்கத்துக் கல்லூரி ஆய்வகங்களுக்குக் கொடுக்கட்டும். வரும் பருவத்திலேயே இதைத் தொடங்கலாம்.