பயமா, மரியாதையா?

போலீஸாரைக் கண்டு ஜனங்கள் பயப்பட்டால் போதும், குற்றம் குறைந்துவிடும் என்று எண்ணுவோர் உண்டு. அவர்கள் திருச்செங்கோட்டின் பழைய சரித்திரத்தைச் சற்று நினைவு கூர்வது நலம்.

1925-ஆம் வருஷத்தில் ராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை ஸ்தாபித்தார். கதரும் மதுவிலக்கும் அதன் முக்கியமான ஊழியங்கள். 1930-இல் வேதாரண்யத்தில் உப்புச் சத்தியாக்கிரகம் நடத்தியதற்காகப் போலீஸார் அவரைக் கைது செய்தார்கள். பிறகு அவரே சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி, திருச்செங்கோடு அடங்கிய சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமுலுக்கு வந்தது. அதை நிறைவேற்றும் பொறுப்பு யாருக்கு? அதே போலீஸாருக்குத்தான்!

நேற்றுவரை தேசத் தொண்டர்களைத் தடியால் அடித்தவர்களை, இன்று நண்பர்கள் என்று ஜனங்கள் எப்படி நம்புவார்கள்? ஆனால், ஒவ்வொரு பனைமரத்தடியிலும் ஒரு ஜவானை நிறுத்த எந்தச் சர்க்காராலும் இயலாது. கலயம் எந்த மரத்தில் தொங்குகிறது என்பது ஊராருக்குத்தான் தெரியும். கணவனின் கூலி கள்ளுக்கடைக்குப் போவதைக் கண்டு கண்ணீர் வடித்த பெண்கள், அச்சட்டத்தைத் தங்கள் சட்டமாகவே வரவேற்றார்கள். அந்த வரவேற்பே போலீஸாருக்குக் கிடைத்த பெரிய பலம்.

யுத்த காலத்தில் அந்த மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. ஆனால் அது கற்பித்த பாடம் பழசாகிவிடவில்லை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அருந்தி அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். விற்றவனை ஊரில் ஒருவருமா அறியாதிருந்திருப்பார்கள்? அறிந்தவர் வாய் திறக்கவேண்டுமானால், தாம் சொன்னது விற்றவன் காதுக்கு எட்டாது என்ற நம்பிக்கை வேண்டும்.

அந்த நம்பிக்கை உத்தரவு போட்டு வருவதன்று. புகார் சொல்ல வரும் ஏழையை உட்காரச் சொல்லுவதும், சொன்னதைத் திரிக்காமல் எழுதிக்கொள்வதும், தகவல் கொடுத்தவர் பெயரை வெளியிடாமல் காப்பதும், மாமூலுக்குக் கை நீட்டாமலிருப்பதும், செல்வந்தனுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே நீதி செலுத்துவதுமே அதற்கு வழி. இவற்றில் எதற்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை.

பிரஜைகளுக்கும் கடமை உண்டு. கண்ணால் கண்டதைச் சாட்சி சொல்ல மறுத்துவிட்டு, போலீஸாரை மட்டும் குறை கூறுவது நியாயமாகுமா? திருச்செங்கோட்டு மலையில் எழுந்தருளியிருக்கும் அர்த்தநாரீசுவரரின் திருமேனியில் ஒரு பாதி இல்லாமல் மறு பாதி இல்லை. போலீஸாரும் பிரஜைகளும் அப்படித்தான். ஆனால், முதல் அடி எடுத்து வைக்கவேண்டியவர் அதிகாரம் உடையவரே என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம்.