கொற்கை வேந்தனுக்கு ஒரு வாழ்த்து

புகழும் சொல்லால் பழிப்பது தமிழுக்கு இயல்பல்ல, ஆங்கிலப் படிப்போடு வந்து ஒட்டிக்கொண்டது என்று சொல்லப்படுகிறது. எழுத்தில் குரல் இல்லாததால் அது படிப்பவருக்குப் புரியாது என்கிறார்கள். இப்படியே பேசினால் நல்ல சொற்களெல்லாம் தேய்ந்துவிடும் என்றும் அஞ்சுகிறார்கள். மூன்றில் ஒன்றைக்கூட என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் கூற்றுக்குப் புறநானூற்றின் 95ஆம் பாட்டே போதும். அதியமானுக்காகத் தூது போன ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்க்கிறார். மயில்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலில் இருக்கின்றன என்று பாராட்டுகிறார். அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். பழிச்சொல் ஒன்றுகூட இல்லை. வள்ளுவரும் கயமை அதிகாரத்தில் கயவரைத் தேவரோடு ஒப்பிடுகிறார். இருவருமே தாம் விரும்பியபடி நடப்பவர்களாம்.

எழுத்தில் புரியாது என்பவர்கள் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைத் திறந்து பார்க்க வேண்டும். கண்ணகி அரண்மனை வாசலில் நிற்கிறாள். அதைச் சொல்ல உள்ளே வரும் வாயிற்காவலன், முதலில் பாண்டியனைக் கொற்கை வேந்தே என்று வாழ்த்துகிறான். இன்று கடல் விலகிச் சிற்றூராகிவிட்ட கொற்கை அன்று முத்துக்குப் பேர்போன துறைமுகம். அந்தப் பெயரில் தொடங்கும் வாழ்த்து, பழி அணுகாதவன் என்பதுவரை போகிறது. காவலன் வழக்கமான வாழ்த்தைத்தான் சொல்கிறான். கோவலன் வெட்டுண்டதை அறிந்த நமக்கோ ஒவ்வொரு சொல்லும் தலைகீழாகக் கேட்கிறது. பழி ஏற்கெனவே வந்துவிட்டது. வாழ்த்தப்பட்டவன் அந்தக் காதை முடிவதற்குள் இறந்துவிடுகிறான். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் என்றுதான் வழக்கு தீர்கிறது. ஆகவே முத்தின் ஊரை இளங்கோ தெரிந்தேதான் அங்கே வைத்தார் என்று நம்புகிறேன். குரலே இல்லாமல், சொல்லை வைத்த இடத்தாலேயே இது நடக்கிறது.

பேச்சிலும் குரல் மட்டுமே எல்லாம் செய்துவிடுவதில்லை. தாமிரபரணிக் கரையில் பொழுதேறி எழுந்துவரும் மகனிடம் அம்மா, "வாங்க தொர, இப்பத்தான் விடிஞ்சுதோ?" என்று கேட்டால், தான் பெற்ற பிள்ளைக்குக் கொடுக்கும் அந்த 'வாங்க'வே எல்லாவற்றையும் சொல்லிவிடும். தாளில் எழுதினாலும் அந்த மரியாதை கண்ணில் படும்.

சொல் தேயும் என்ற அச்சத்துக்கு வருகிறேன். துரை என்ற சொல்லில் மிடுக்கு மிச்சம் இருப்பதால்தான் அம்மாவின் கேள்வி சுருக்கென்று தைக்கிறது. கறுத்த ஆட்டையும் வெள்ளாடு என்கிறோம். இலக்கணத்தில் அது மங்கல வழக்கு. அதனால் வெள்ளை என்ற சொல்லின் பொருள் கெட்டுவிட்டதா? சொல்லைத் தேய்ப்பவை, மேடை ஏறுபவருக்கெல்லாம் மனதில் நம்பாமலே சூட்டப்படும் பட்டங்கள். அவற்றைக் கைதட்டி வரவேற்றுவிட்டு, வீட்டுப் பெண்களின் கூர்மையான பேச்சைக் குறை சொல்வது எனக்கு வருத்தம் தருகிறது.