கம்பெனியையும் நாம் இண்டர்வியூ செய்வோம்

வீட்டிற்கு கம்ப்யூட்டர் வந்து, இண்டர்நெட் இணைப்பும் கிடைத்துவிட்டால், வேலை தேடுபவர்கள் முதலில் செய்வது பயோடேட்டாவை டைப் செய்து கண்ணில் பட்ட கம்பெனிகளுக்கெல்லாம் இமெயிலில் அனுப்புவதுதான். அந்தக் கம்பெனி எப்படிப்பட்டது என்று அதே கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரம் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு.

வேலை தரும் முன் கம்பெனி நம் மார்க் ஷீட்டைச் சரிபார்க்கிறது. முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிக்கிறது. வரன் பார்த்தால் நாமும் பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். கம்பெனியை விசாரிக்க மட்டும் ஏன் தயக்கம்?

பலர் கம்பெனியின் வெப்சைட்டைப் பார்த்துத் திருப்தி அடைந்து விடுகிறார்கள். அது விளம்பரப் பலகை. கண்ணாடி மாளிகைப் படத்துடன் யார் வேண்டுமானாலும் ஒன்றை அமைத்துவிடலாம். கம்பெனி தானாகச் சொல்வதை விட, சட்டப்படி அரசிடம் சொல்லியாக வேண்டியதைப் பாருங்கள் என்பதே என் கருத்து.

முதலில் சிஐஎன் என்ற பதிவு எண். இதில் 21 எழுத்துகளும் எண்களும் இருக்கும். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி லெட்டர் ஹெட்டில் இதை அச்சிட வேண்டும். முதல் எழுத்து 'எல்' என்றால் பங்குச்சந்தையில் உள்ள கம்பெனி. 'யு' என்றால் இல்லாதது. நடுவில் வரும் நான்கு இலக்கங்கள் பதிவான ஆண்டு. '20 ஆண்டு அனுபவம்' என்று விளம்பரம் செய்யும் கம்பெனியின் எண்ணில் சென்ற ஆண்டு இருந்தால் காரணம் கேளுங்கள். புதிய கம்பெனி என்பது குற்றமல்ல. பொய் சொல்வதுதான் குற்றம்.

மத்திய அரசின் கம்பெனி விவகாரங்கள் அமைச்சகத்தின் தளத்தில் 'மாஸ்டர் டேட்டா' பகுதியில் பெயரைக் கொடுத்தால் முகவரி, இயக்குநர்கள், கம்பெனி செயல்பாட்டில் உள்ளதா என்பதெல்லாம் தெரியும். தனி நபர் நடத்தும் நிறுவனம் இங்கே இருக்காது. அதற்கு ஜிஎஸ்டி தளத்தில் தேடலாம்.

அடுத்து பி.எஃப். பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பி.எஃப். கட்ட வேண்டும். அந்தத் தளத்தின் 'எஸ்டாபிளிஷ்மென்ட் சர்ச்' பகுதியில், மாதா மாதம் எத்தனை பேருக்குப் பணம் கட்டப்பட்டது என்று பார்க்கலாம். அதிகச் சம்பளம் வாங்கும் சிலர் இதில் விடுபடலாம். ஆனால் '300 பேர்' என்று சொன்ன இடத்தில் 9 பேருக்குத்தான் பணம் கட்டியிருந்தால் யோசியுங்கள்.

ரெக்கார்டு சரியாக இருந்தால் போதுமா? போதாது. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் 2008இல் சிறந்த நிர்வாகத்திற்கு விருது வாங்கியது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய சுமார் 5,040 கோடி ரூபாய் ரொக்கம் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். எனவே அங்கே வேலை பார்க்கும் ஒருவரிடமாவது பேசுங்கள். சம்பளம் தேதிக்கு வருகிறதா, ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைக்கிறார்களா என்ற இரண்டு கேள்விகள் போதும்.

ஏமாற்றுபவர்கள் பெரிய கம்பெனிகளின் பெயரையும் பயன்படுத்துகிறார்கள். அப்போது பதிவு எண் சரியாகவே இருக்கும். ஆஃபர் லெட்டர் கம்பெனியின் சொந்த முகவரியிலிருந்து வந்ததா, ஜிமெயில் போன்ற இலவச முகவரியிலிருந்து வந்ததா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால், கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, கம்பெனியின் வெப்சைட்டில் உள்ள எண்ணுக்கு போன் செய்யுங்கள்.

டெபாசிட், டிரெயினிங் கட்டணம், லேப்டாப்புக்கு முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் பணம் கட்டாதீர்கள். வேலை என்றால் அவர்கள்தான் நமக்குப் பணம் தர வேண்டும். நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டுப் பிறகு தேடிப் பயனில்லை. தேடலை முடித்துவிட்டு 'சென்ட்' பட்டனை அழுத்துங்கள்.