எண்ணப்படுவோரும் எண்ணுவோரும்

2020 ஜூலையில் மும்பை மாநகராட்சி, நிதி ஆயோக், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை இணைந்து மாட்டுங்கா, செம்பூர், தஹிசர் பகுதிகளை உள்ளடக்கிய மூன்று வார்டுகளில் 6,936 பேரின் இரத்தத்தைச் சோதித்தன. குடிசைப்பகுதிகளில் 57 சதவீதத்தினருக்கும், பிற குடியிருப்புகளில் 16 சதவீதத்தினருக்கும் கொரோனா வந்து போயிருந்தது. வார்டும் ஒன்று, கிருமியும் ஒன்று, வேறுபட்டது வர்க்கம்.

முதலாளித்துவ ஊடகங்களோ 'மந்தை எதிர்ப்புச் சக்தி' நெருங்கிவிட்டதா என்று விவாதித்தன. ஓர் அறையில் ஒரு குடும்பமே உறங்குவதும், பொதுக் கழிப்பறை முன் நீளும் வரிசையும் அந்த விவாதத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்டன. உயிரோடிருந்தவர்களின் இரத்தம் மட்டுமே சோதனைக்கு வந்தது. இறந்தோர் அந்தச் சதவீதத்தில் இல்லை. இதை மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியவர் மருத்துவர். அதற்கு அவர் பயிற்றுவிக்கப்படுகிறாரா?

2019ல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் புள்ளியியல் இருக்கிறது. சமூக மருத்துவப் பாடத்தின் ஒரு மூலையில். சராசரிக்கும் திட்ட விலக்கத்துக்கும் சூத்திரம் மனப்பாடம் செய்தால் தேர்வைக் கடந்துவிடலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1979 முதல் இளநிலை மாணவர்களுக்குக் குறுகியகால ஆய்வு உதவித்தொகை வழங்கி வருகிறது. அது தேர்ந்தெடுக்கப்படும் சிலருக்கே கிட்டுகிறது. ஏனையோரின் பொழுதை முதுநிலை நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையங்கள் விழுங்குகின்றன.

நோயாளிகள் நிரம்பி வழியும் அரசு மருத்துவமனையில் மருத்துவருக்குக் கணக்கு எதற்கு என்று கேட்போர் உண்டு. கணக்கு அறியாத மருத்துவருக்கு மருந்து நிறுவனப் பிரதிநிதியே ஆசிரியர் ஆகிறார். ஆயிரம் பேரில் இருவருக்கு வரும் நோய் ஒருவருக்கு எனக் குறைந்தால், 'பாதிப்பு 50 சதவீதம் குறைந்தது' என்று விளம்பரம் செய்யலாம். பயனடைந்தவர் ஆயிரத்தில் ஒருவர்; விலையைச் சுமப்பவர்கள் ஆயிரம் பேர்.

ஆய்வு முறையியல் என்பது அறநெறியும்கூட. 1998ல் டாடா நினைவு மருத்துவமனை மும்பைக் குடிசைப்பகுதிகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய் குறித்த ஆய்வைத் தொடங்கியது. சுமார் ஒன்றரை லட்சம் பெண்களில் பாதிப் பேர் பரிசோதிக்கப்பட்டனர். மறுபாதியினருக்கு விழிப்புணர்வுக் கல்வி மட்டுமே. பரிசோதிக்கப்பட்ட பிரிவில் அந்நோயால் நேரும் இறப்பு 31 சதவீதம் குறைந்தது. எளிய, மலிவான முறையொன்று உயிர் காக்கும் என்று நிறுவியது அந்த ஆய்வின் சாதனை. ஆனால் மறுபாதியினர் மலபார் ஹில் சீமாட்டிகள் அல்லர். அவர்களின் ஒப்புதல் எவ்வாறு பெறப்பட்டது என்ற கேள்வி உலக அளவில் எழுந்தது. 'கட்டுப்பாட்டுக் குழு' என்றால் என்ன என்பதற்கு இரண்டு மதிப்பெண் விடை எழுதும் மாணவர், அந்தக் குழுவில் இருந்த பெண்களைப் பற்றியும் கற்க வேண்டாமா?

1845ல் வெளிவந்த தமது நூலில் எங்கெல்ஸ், இங்கிலாந்துத் தொழிலாளர்களின் நிலையை விளக்க மருத்துவர்கள் தெருவாரியாகத் தொகுத்த இறப்புக் கணக்குகளையே முதலாளிகளுக்கு எதிரான சாட்சியாக நிறுத்தினார். உழைக்கும் மக்களின் கையில் புள்ளிவிவரம் ஆயுதம்.

அந்த ஆயுதத்தைப் பயிலும் களம் அருகிலேயே இருக்கிறது. சயான் லோக்மான்ய திலக் நகராட்சி மருத்துவக் கல்லூரி தாராவியில் நகர்ப்புற சுகாதார மையம் நடத்துகிறது. காசநோய், குடிநீர், தோல் பட்டறைப் பணிச்சூழல் என மக்கள் எழுப்பும் கேள்விகளே மாணவரின் ஆய்வுக் கேள்விகளாக வேண்டும். முடிவுகள் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் அதே சந்துகளில் வாசிக்கப்பட வேண்டும். மாநகராட்சி தன் நோய், இறப்புக் கணக்குகளை வார்டுவாரியாக, குடிசைப்பகுதிகளைத் தனியே பிரித்து வெளியிட வேண்டும். போதிய சமூக மருத்துவ ஆசிரியர்கள் நிரந்தரமாக நியமிக்கப்பட வேண்டும்.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் கிளைத் தோழர்கள் மாணவர் அமைப்புகளுடன் இணைந்து இக்கோரிக்கைகளை முன்னெடுக்க வேண்டும். நம்மை எண்ணுவோரிடம், எதற்காக எண்ணுகிறீர்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.